சோக்கை இழுத்தது யார்?

கார்ப்பரேட்டரைக் கழற்றுவது பெரிய வித்தை இல்லை. இரண்டு போல்ட், ஒரு பெட்ரோல் குழாய், ஒரு கேபிள். இந்தத் தொழிலுக்கு நேற்று வந்தவர்கூட ஒரு வாரத்தில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடுவார். வண்டிக்காரர் பேசும்போது நாம் வாயை மூடிக்கொண்டு கேட்பதுதான் கஷ்டம். எனக்கு அது முப்பது வயதை நெருங்கும்போதுதான் கொஞ்சம் வந்தது. முழுதாக வந்துவிட்டதா என்று என் மனைவியிடம் மட்டும் கேட்காதீர்கள்.

இப்போது பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள்களுக்குத் திடீரென்று மவுசு கூடியிருக்கிறது. நாங்கள் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்ட அந்தச் சின்ன மோட்டார்களை இந்தக் காலத்து இளசுகள் நீங்கள் தேடிப்பிடித்து, சாயம் பூசி, முத்தம் கொடுக்காத குறையாக வைத்திருக்கிறீர்கள். வாரத்துக்கு ஒருவராவது எனக்குப் போன் போடுகிறீர்கள். "அங்கிள், ஒரு மைல் ஓடுது, அப்புறம் இருமிட்டு நின்னுடுது. கார்ப்பரேட்டர் ஜெட்டை மூணு வாட்டி கழுவிட்டேன்." அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். கூடவே கொஞ்சம் வெட்கமும் வரும். அந்த வெட்கத்தின் கதையைத்தான் சொல்லப்போகிறேன். ஜெட்டை எப்படிக் கழுவுவது என்று இதில் தேடாதீர்கள். அது கைக்குத் தானாக வரும்.

எழுபதுகளின் கடைசி. மலேசியாவில் ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் ஒரு சீன முதலாளியின், அதாவது தவுக்கேயின், பட்டறையில் நான்தான் பெரிய மெக்கானிக். இருபத்தேழு வயது, தலை நிறைய முடி, அதைவிட நிறைய கர்வம். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தைக் கேட்டு, "பிளக்கு போச்சு", "வால்வு தட்டுது" என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதனால் எனக்குக் 'காதுக்கார மணியம்' என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அப்போதுதான் ரெஜினா அக்கா வந்தார். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மருத்துவச்சி. நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் எப்போதும் ஒரு கறுப்புப் பை. தோட்டத்தில் எல்லோரும் அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். பிரசவங்களுக்குப் போய்வரத் தோட்ட நிர்வாகம் அவருக்கு ஒரு கப்சாய் கொடுத்திருந்தது. அந்த வட்டாரத்தில் மோட்டார் ஓட்டிய முதல் பெண் அவர்தான். வண்டியைத் தோட்டத்து லோரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்.

"ஒரு மைலு ஓடுது தம்பி. அப்புறம் இருமி இருமி நின்னுடுது. கொஞ்ச நேரம் கழிச்சு மிதிச்சா திரும்பவும் ஓடுது."

கார்ப்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்தேன். உள்ளே பெட்ரோலுக்கு அடியில் கண்ணாடி மணி போலத் தண்ணீர் உருண்டுகொண்டிருந்தது. தோட்டத்து ஸ்டோரில் பெட்ரோலைத் திறந்த பிஸ்கட் தகரத்தில் வைத்து அளந்து ஊற்றுகிறார்களாம். மழைக்காலம் வேறு.

"பெட்ரோலுல தண்ணி, அக்கா. நல்லா இறுக்கமா மூடி இருக்கிற பாத்திரத்துல வைக்கச் சொல்லுங்க. அவ்ளோதான்."

அது நல்ல புத்திமதிதான். ஆனால் என்ன பாத்திரம் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் பிறகு விலை கொடுக்க வேண்டி வந்தது.

மூன்று வாரம் கழித்து அதே வண்டி, அதே லோரி, அதே அக்கா. இந்த முறை தண்ணீர் இல்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், கரியாகக் கறுத்து ஈரமாக இருந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

உங்களில் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் குளிர்ந்துகிடக்கும் எஞ்சினைக் கிளப்பச் சோக்கை இழுப்போம். அது காற்றை அடைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக உறிஞ்ச வைக்கும். சூடானதும் விட்டுவிட வேண்டும். விடாமல் ஓட்டினால் பிளக் இப்படித்தான் கறுக்கும்.

"சோக்கை இழுத்து வச்சிக்கிட்டே ஓட்டுறீங்களா அக்கா?"

"ஆமாந் தம்பி. இழுக்கலேன்னா ஓடவே மாட்டேங்குதே. நிக்கப் போவுதுன்னு தெரிஞ்சா இழுப்பேன், உடனே பிடிச்சுக்கும்."

தம்பிகளே, தங்கைகளே, நோயாளியே நோயின் பெயரைச் சொல்லிவிட்டார் பாருங்கள். எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை, அதனால்தான் அவர் இழுக்கிறார். அதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். ஆனால் என் காதில் "ஆமாந் தம்பி" மட்டும்தான் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. நான் சிரித்தேன். "பொம்பளைங்க மோட்டார் ஓட்டுனா இப்படித்தான்லா" என்றும் சொன்னேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் சொன்னதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஜெட்டைக் கழற்றி ஊதினேன். ஊசி முனை மட்டுமே போகக்கூடிய அந்தப் பித்தளைத் துளை வழியாகத்தான் எஞ்சினுக்கு வேண்டிய பெட்ரோல் ஏற வேண்டும். ஊதும்போது விரலில் ஏதோ பிசுபிசுத்தது. காலையில் ஒரு டியூப் பஞ்சர் ஒட்டியிருந்தேன். அந்தப் பசைதான் இன்னும் கையில் இருக்கிறது போல என்று கந்தலில் துடைத்துவிட்டேன். வண்டி ஓடியது.

தோட்டத்துப் பெரிய கிராணி இந்தத் தடவை என்ன பழுது என்று எழுதி வாங்கிவரச் சொன்னாராம். அவர்தான் தோட்டத்து அலுவலகத்துக்கே தலை. நான் பள்ளியில் மூன்றாம் பாரம் வரை படித்தவன், ஆங்கிலத்தில் எழுதுவேன் என்று பட்டறையில் காட்டிக்கொள்ள எனக்கும் ஆசை. மேசையில் கிடந்த பஞ்சர் பசை டப்பாவை ஓரமாக நகர்த்திவிட்டு, நல்ல தாளாக எடுத்து எழுதினேன். வண்டியில் பழுது இல்லை, ஓட்டுபவருக்குச் சோக்கைப் பயன்படுத்தத் தெரியவில்லை. கீழே வளைத்து வளைத்துக் கையெழுத்தும் போட்டேன்.

ரெஜினா அக்கா அதை நின்றபடியே வாசித்தார். கோபிக்கவில்லை. நான்காக மடித்துக் கறுப்புப் பையில் வைத்துக்கொண்டார்.

"கையெழுத்து நல்லா இருக்கு தம்பி" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் அவர் தனியாக வந்தார். வண்டி இல்லை. பட்டறை வாசலிலேயே நின்று சொன்னார்.

"தம்பி, நீ எழுதுன கடுதாசி பெரிய கிராணி மேசையில இருக்கு. திங்கக்கிழமை மேனேஜர் தொரைகிட்ட காட்டப் போறாரு. மோட்டாரைத் திருப்பி எடுத்துக்கப் போறாங்க."

"ஏன்க்கா?"

"போன வாரம் கீழ் டிவிஷனுக்குப் போற வழியில நின்னு போச்சு. ஒரு மைலு ஓடுனேன், பையைத் தூக்கிக்கிட்டு. நான் போறதுக்குள்ள புள்ள எனக்கு முன்னாடி வந்து அழுதுகிட்டு இருந்துச்சு. ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க, ஆண்டவர் புண்ணியம். அடுத்த வாட்டியும் அப்படியே இருக்கும்னு சொல்ல முடியுமா?"

கீழ் டிவிஷன் என்பது அதே தோட்டத்தின் இன்னொரு பகுதி, நாலு மைல் தள்ளி, மேடும் பள்ளமுமான செம்மண் பாதையில். நடுவில் இருந்த பாலத்தை மழை அடித்துக்கொண்டு போய், பலகை போட்டு வைத்திருந்தார்கள். காரும் லோரியும் போக முடியாது. மோட்டார் போய்விட்டால் அக்காவுக்குக் கால்தான். அங்கே அப்போது ஏழு பேர் வயிற்றுப் பிள்ளையோடு இருந்தார்கள். அத்தனை பேருடைய பெயரையும் மாதத்தையும் அவர் எனக்கு விரல் விட்டுச் சொன்னார்.

"நான் என்ன செய்யட்டும்கா? நீங்க சோக்கை…"

"நீ வா. நீயே ஓட்டிப் பாரு. என் மேல தப்புன்னா என் கண்ணு முன்னாடி காட்டு, நானே மோட்டாரைக் கொண்டு போய் விட்டுடுறேன். தப்பு இல்லேன்னா, எழுதுன கையாலேயே மாத்தி எழுது." பிறகு கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார்: "மோட்டாரு சொல்றத நல்லாக் கேக்குறே. மனுஷி சொல்றதத்தான் கேக்க மாட்டேங்கிறே."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. காதுக்கார மணியத்தைப் பார்த்தா இப்படி? தவுக்கேயிடம் சொல்லிவிட்டு, சாவிப் பையைத் தூக்கிக்கொண்டு அவரோடு பஸ் ஏறினேன். அவருக்கு உதவ வேண்டும் என்று போகவில்லை. அவர் தவறைக் காட்ட வேண்டும் என்றுதான் போனேன். பஸ்ஸில் அவர் அவித்த கடலை வாங்கிக் கொடுத்தார். கோபத்தோடேயே அதையும் தின்று தீர்த்தேன்.

தோட்டத்து அலுவலக வராந்தாவில் பெரிய கிராணி நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட சட்டை, மூக்கின் நுனியில் கண்ணாடி. வம்புக்காரர் இல்லை, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பவர்.

"வாங்கோ தம்பி. உங்கட கடிதம் பாத்தனான். தெளிவாத்தான் எழுதியிருக்கிறியள். பிறகேன் இவ்வளவு தூரம்?"

"ஓட்டிக் காட்டப் போறேன் ஐயா" என்று மிடுக்காகச் சொன்னேன்.

காலையில் ஸ்டோரில் நிரப்பிய பெட்ரோல் டாங்கியில் இருந்தது. ஒரு மிதியில் கிளம்பியது. சோக்கைத் தொடவே இல்லை. சத்தம் பட்டுப் போல இருந்தது. ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் போகும்போது, திரும்பி வந்து என்ன பேசுவது என்று வசனம்கூடத் தயார் செய்துவிட்டேன். ஒரு மைல் தாண்டியிருக்கும். எஞ்சின் ஒருமுறை இருமியது. இன்னொருமுறை இருமியது. மேட்டின் பாதியில் நின்றுவிட்டது.

மிதித்தேன். சட்டை நனைய மிதித்தேன். பக்கத்து மர நிரையில் ரப்பர்ப் பால் சேகரித்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அதில் ஒருத்தி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கத்தினாள்.

"என்னா மெக்கானிக்கண்ணே, சோக்குப் போடத் தெரியலையா? மிஸ்ஸிகிட்ட கேளுங்க, சொல்லித் தருவாங்க!"

அந்த மேடே சிரித்தது. நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். வேறு வழி இல்லை. சோக்கை இழுத்து மிதித்தேன். பிடித்துக்கொண்டது. விட்டால் இருமுகிறது, இழுத்தால் ஓடுகிறது. இழுத்தபடியே, புகை கக்கிக்கொண்டே, ஆமை வேகத்தில் அலுவலகத்துக்குத் திரும்பி வந்தேன்.

ரெஜினா அக்கா வராந்தாப் படியில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சோக் கைப்பிடியைப் பார்த்தார்.

"சோக்கை யாரு தம்பி இழுத்தது?"

வராந்தாவிலேயே கார்ப்பரேட்டரைக் கழற்ற உட்கார்ந்தேன். ஜெட் அடைத்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் துளையே தெரியவில்லை. கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதை உருட்டினேன். பிசுபிசுத்தது. விரல்களைப் பிரித்தேன், இரண்டுக்கும் நடுவே மெல்லிய நூல் ஒன்று இழுபட்டது. முகர்ந்து பார்த்தேன்.

இந்தப் பிசுபிசுப்பை எனக்குப் பத்து வருடமாகத் தெரியும். என் மேசையில் இருந்த பஞ்சர் பசை இதுதான். அந்தக் காலத்தில் நாங்கள் அதைக் கடையில் வாங்குவதில்லை. காய்ந்த ரப்பர்ச் சீவலைப் பெட்ரோலில் ஊறப்போட்டால் இரண்டு நாளில் கரைந்து பசையாகிவிடும். என் கையாலேயே டப்பா டப்பாவாகச் செய்திருக்கிறேன். அன்று கடிதம் எழுத இடம் வேண்டும் என்று நகர்த்தி வைத்தேனே, அதே டப்பா.

"அக்கா, பெட்ரோலை எதுல வைக்கிறாங்க?"

"நீ சொன்ன மாதிரியேதான். நல்லா இறுக்கமா மூடி இருக்கிறதுல."

ஸ்டோருக்குப் போனோம். ஸ்டோர்காரர் பெருமையாகத் தூக்கிக் காட்டினார். ரப்பர்ப் பால் சுமக்கிற பால் வாளி. தோட்டத்தில் அதைவிட இறுக்கமான மூடி வேறு எதற்கும் கிடையாது. ததும்பாமல் பால் கொண்டுபோகச் செய்த வாளியல்லவா?

"நாலு வாட்டி கழுவுனேன்லா அண்ணே. ஒரு சொட்டுப் பாலு இல்ல."

பாலைக் கழுவலாம். வருடக்கணக்காக வாளியின் உள்சுவரில் காய்ந்து படிந்த ரப்பர்த் தோலைத் தண்ணீர் என்ன செய்யும்? விரலை விட்டுப் பார்த்தேன். அந்தத் தோல் பெட்ரோலில் ஊறி, உப்பி, கூழாக வழுக்கியது. வாரா வாரம் மிஸ்ஸியின் டாங்கியில் இவர்கள் பஞ்சர் பசைதான் ஊற்றியிருக்கிறார்கள். இறுக்கமான மூடி வேண்டும் என்று சொல்லி அனுப்பியவன் நான்.

வராந்தாவுக்குத் திரும்பும்போது என் மனம் படுத்திய பாட்டைச் சொல்கிறேன். வாளியை நான் மட்டும்தான் விரல் விட்டுப் பார்த்தேன். கார்ப்பரேட்டர் பழசு, மாற்ற வேண்டும் என்று சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வாளியை மட்டும் பிறகு ரகசியமாக மாற்றச் சொல்லலாம். அக்காவின் மோட்டாரும் அவரிடமே இருக்கும், என் பெயரும் பிழைக்கும். பெரிய கிராணி கண்ணாடிக்கு மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன தம்பி, என்ன பழுது?"

நான் வாயைத் திறக்கும் முன்பே சைக்கிள் மணி கேட்டது. கீழ் டிவிஷனிலிருந்து ஒருவர் சட்டையெல்லாம் நனைய மிதித்து வந்து, சைக்கிளை அப்படியே கீழே போட்டார்.

"மிஸ்ஸி! என் சம்சாரத்துக்கு வலி எடுத்துருச்சு. ரெண்டாவது புள்ள, வெரசா வந்துரும் போல இருக்கு."

அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். என்னை நேராகப் பார்த்தார். "ஓடுமா, ஓடாதா? உண்மையச் சொல்லு. ஓடாதுன்னா நான் இப்பவே இவரு சைக்கிள்ல பின்னால ஏறிப் போறேன்."

களைத்துப்போன அந்த மனிதர் மேட்டில் இரண்டு பேரைச் சுமந்து மிதித்தால் முக்கால் மணி நேரம் ஆகும். இங்கே பொய்க்கு இடமே இல்லை.

"இந்தப் பெட்ரோலுல ஓடாதுக்கா. எனக்குக் கால் மணி நேரம் குடுங்க. நல்ல பெட்ரோல் குடுத்தா ஓடும்." பிறகு கிராணியின் பக்கம் திரும்பினேன். "ஐயா, உங்க காருல இருக்கிறது டவுன்ல ஊத்துனதுதானே?"

கொட்டகையில் அவருடைய பழைய கார் நின்றது. அதை அவரே கழுவுவார், வேறு யாரையும் தொட விடமாட்டார்.

"என்ர காரில இருந்தோ?" என்றார். ஒரு கணம்தான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். "எடுங்கோ, எடுங்கோ. குழாயை நான் பிடிக்கிறன்."

டாங்கியைக் கவிழ்த்துக் காலி செய்தேன். கிராணி காரின் பக்கத்தில் குந்தியிருந்து குழாயைப் பிடிக்க, நான் வாயால் உறிஞ்சி, அரை வாய் பெட்ரோலைத் துப்பினேன். அதில் டாங்கியை இரண்டு முறை அலசினேன். ஜெட்டை ஊறவைத்துத் தேய்த்தேன். வாயால் ஊதிப் பார்த்தேன், போகவில்லை. அந்த மனிதரின் சைக்கிளில் பம்பு இருந்தது. "அடிங்க, பலமா அடிங்க" என்று அவரிடமே கொடுத்தேன். மனைவியின் வலியையெல்லாம் அந்தப் பம்பில் காட்டி அடித்தார். நாலாவது அடியில் ஜெட்டுக்குள் ஊசி முனையளவு வெளிச்சம் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெட்ரோல் நெடியால் என்று அன்று சொல்லிச் சமாளித்தேன்.

சோக் இழுக்காமல் மிதித்தேன். பிடித்துக்கொண்டது. அக்கா ஏறி உட்கார்ந்து, பையை முன்னால் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நானும் கிராணியும் களைப்பாறிக்கொண்டிருந்த சைக்கிள்காரரும் வராந்தாவில் நின்றோம். ஒன்றரை மைல் வரை என் காதுக்கு எட்டும். மேடு ஏறும் சத்தம் கேட்டது. நான் நின்றுபோன இடம் எனக்குத் தெரியும். அங்கே இருமல் வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். வாழ்க்கையில் அப்படி நான் எதையும் கேட்டதில்லை. இருமல் வரவில்லை. சத்தம் மேட்டைத் தாண்டி, சின்னதாகி, மரங்களுக்குள் போய்விட்டது.

பிறகுதான் கிராணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாளி, பசை, மூடி, நான் சிரித்தது வரைக்கும். அவர் கண்ணாடியை எடுத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"முப்பது வருசம் ரப்பருக்குள்ளயே கிடக்கிறன். அது பெட்ரோலில கரையுமெண்டு என்ர மண்டையிலயும் ஓடேல்லையே" என்றார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். "அப்ப நீங்கள் எழுதினது பிழை. பிழையெண்டும் எழுதித் தாருங்கோ. இதையும் திங்கக்கிழமை துரைக்குக் காட்டுவன்."

அன்று அந்த வராந்தாவில் நான் எழுதியதுபோல மெதுவாக எதையும் எழுதியதில்லை. பட்டறைக்குக் கெட்ட பெயர் வருமே, தவுக்கே என்ன சொல்வார் என்றெல்லாம் தோன்றியது. தோன்றினால் தோன்றட்டும் என்று எழுதினேன்.

என்னை டவுனில் விடத் தோட்டத்து லோரி கிளம்பும் நேரத்துக்கு அக்கா திரும்பி வந்தார். பாதையின் முனையிலேயே சத்தம் கேட்டது, பட்டுப் போல. சோக் கைப்பிடி உள்ளே இருந்தது.

"பொம்பளப் புள்ள" என்றார். "நான் போய் கை கழுவுறதுக்கும் அவ வர்றதுக்கும் சரியா இருந்துச்சு."

நான் தாளை நீட்டினேன். அவர் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, நின்றபடியே வாசித்தார். ஓட்டுபவர் வண்டியைச் சரியாகவே ஓட்டினார், பழுது என்ன என்று முதல் நாளிலிருந்தே சொன்னார், மெக்கானிக்குத்தான் கேட்கத் தெரியவில்லை. கீழே என் கையெழுத்து. இந்தத் தடவை வளைவு ஒன்றும் இல்லை.

மடித்துக் கிராணியிடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கையெழுத்து போன வாட்டியவிட நல்லா இருக்கு தம்பி."